தோளில் விழுந்த நஷ்டம் யார் கணக்கில்?

அண்மையில் ஒருநாள் மாலை, வியாபாரம் ஓய்ந்து கல்லாவைப் பூட்டும் வேளையில், நம் அன்பர் ஒருவரின் துணிக்கடையில் நாம் நாலைந்து பேர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, அமெரிக்காவில் தடுப்பூசி போட்டுக்கொண்டபின் தோளில் தீராத வலி கண்டவர்கள் சட்டப்படி நஷ்டஈடு கேட்டுப் பெறுகிறார்கள் என்னும் செய்திக்கு வந்தது. கேட்ட இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஊசி குத்தினால் வலிக்கத்தான் செய்யும். அதற்கும் காசா? அந்த ஊரில் தும்மினால்கூட வழக்குப் போடுவார்கள் போலிருக்கிறது" என்றார். நாமும் சேர்ந்து சிரித்தோம்.

கடைக்காரப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதே தம்பி. ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முன்னால் எனக்கும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டார்கள். குத்திய இடம் தோளின் உச்சிக்குப் பக்கம். அன்று இரவே வலி தொடங்கியது, நின்றபாடில்லை. மேல்தட்டுத் துணியை எடுக்க ஒன்பது மாதம் கடைப் பையனை ஏவினேன். சட்டை மாட்டிக்கொள்ள வீட்டார் கைகொடுத்தார்கள்."

"அப்படியானால் ஊசி போட்ட இடத்தில் போய்ச் சொன்னீர்களா, நானா?" என்று இளைஞர் கேட்டார். இப்போது அவர் குரலில் சிரிப்பில்லை.

"எப்படிச் சொல்வது? நன்மைக்காகப் போட்ட ஊசி. போட்ட பிள்ளையும் நல்ல பிள்ளை. வாய் திறந்தால் நன்றி கெட்டவன் என்பார்கள். சபூர் செய்துகொண்டேன்."

அத்துடன் பேச்சு முடிந்தது, கடையும் அடைத்தாயிற்று. ஆனால் அவர் சொன்னது நம்மை விடவில்லை. நன்மைக்காகச் செய்யப்பட்ட ஒன்றால் ஒருவனுக்குத் தீங்கு நேர்ந்தால், அவன் அதற்கு ஈடு கேட்பது நன்றி மறப்பதாகுமா? கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? எவ்வளவு கேட்பது? பொறுத்துக்கொண்டவன் கேட்டவனைவிட உயர்ந்தவனா? கொடுக்கல் வாங்கலையே வாழ்க்கையாகக் கொண்ட நாம் இக்கேள்விகளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

தோளில் நேர்வது என்ன?

முதலில் காரியத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். தடுப்பூசி போட்ட கை இரண்டொரு நாள் வலிப்பது இயல்பு. அது தானே ஆறிவிடும். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாம் கூறுவது வேறொன்று.

தோளின் உச்சியில் எலும்பு முனை ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதற்குக் கீழே முக்கோண வடிவில் தடித்த தசை இருக்கிறது. மருந்து சேரவேண்டிய இடம் அத்தசையின் நடுப்பகுதி. அதாவது எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே. மூட்டு உராயாமல் இருப்பதற்காக, தசைக்கு அடியில் வழவழப்பான நீர் கொண்ட மெல்லிய பை ஒன்றும் அங்கே உண்டு. ஊசி மிகவும் உயரத்தில் இறங்கிவிட்டால் மருந்து தசையில் சேராமல் அந்தப் பையிலோ மூட்டை ஒட்டிய நாண்களிலோ போய்ச் சேரலாம். உடலைத் தட்டி எழுப்பி நோயோடு போராடப் பழக்குவதே தடுப்பு மருந்தின் வேலை. அந்த வேலையை அது சேரக்கூடாத இடத்தில் செய்தால் அங்கே அழற்சி உண்டாகிறது. சிலருக்கு மூட்டே இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலையும் வருகிறது. மாதக்கணக்கில் வைத்தியமும் பயிற்சியும் தேவைப்படுகின்றன; சிலருக்கு அறுவை சிகிச்சையும் நடக்கிறது.

இது அரிதாக நேர்வது. கோடிக்கணக்கான கைகளில் ஊசி இறங்குகிறது. அவற்றில் மிகச் சிலவே இவ்வாறு துன்புறுகின்றன. பெரியம்மை நோயை உலகத்தைவிட்டே துரத்திய பெருமை தடுப்பு மருந்துக்கு உண்டு. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. ஆகவே ஊசி வேண்டாம் என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. ஊசி வேண்டும். வேண்டும் என்பதனாலேயே, அதனால் நஷ்டப்பட்டவனைப் பற்றியும் எண்ண வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர் திறந்த கணக்கு

1980-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தடுப்பு மருந்து செய்யும் கம்பெனிகள்மீது வழக்குகள் குவிந்தன. சில கம்பெனிகள் அத்தொழிலையே விட்டு விலகின. இப்படியே போனால் குழந்தைகளுக்கு மருந்தே கிடைக்காது என்ற அச்சம் எழுந்தது. மற்றொரு பக்கம், உண்மையாகவே துன்பம் அடைந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தன. இரண்டுக்கும் வழிகாண 1986-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது; 1988-ல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் ஏற்பாடு ஒரு வியாபாரிக்கு எளிதில் விளங்கும். சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு தடுப்பூசியின் விலையோடும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 காசு வீதம் வரி சேர்க்கப்படுகிறது. மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசியானால் இரண்டு டாலர் 25 காசு. அந்தப் பணம் தனி நிதியாகச் சேருகிறது. துன்பப்பட்டவர் மருந்துக் கம்பெனியைத் துரத்த வேண்டியதில்லை. ஊசி போட்ட தாதியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதுமில்லை. சுகாதாரத் துறைச் செயலாளரை எதிர்மனுதாரராக வைத்து, வாஷிங்டனில் உள்ள கூட்டரசு உரிமைக் கோர்ட்டில் மனுச் செய்தால், அதற்கென நியமிக்கப்பட்ட நடுவர்கள் விசாரிக்கிறார்கள். 'யார் குற்றம்?' என்பது அங்கே முதற் கேள்வியன்று. 'இந்தத் துன்பம் அந்த ஊசியால் வந்ததா?' என்பதே கேள்வி.

எந்த ஊசிக்குப்பின், எத்தனை நாளுக்குள், என்ன துன்பம் கண்டால், அது ஊசியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். தோள் காயம் 2017-ல் அவ்வட்டவணையில் ஏறியது. அதற்குரிய நிபந்தனைகள் இவை: வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட தோளில் மட்டுமே வலியும் அசைவுக் குறைவும் இருக்க வேண்டும். அத்தோளில் இதை விளக்கக்கூடிய பழைய நோவு இருந்திருக்கக் கூடாது. வலிக்கு வேறு காரணமும் இருக்கக் கூடாது. துன்பம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி ஆகியிருக்க வேண்டும். முதல் அறிகுறி கண்ட மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சமாக 250,000 டாலர் வரை கிடைக்கலாம். வைத்தியச் செலவும் இழந்த வருமானமும் அதற்குப் புறம்பு.

நமது இளைஞர் சிரித்த செய்தி இதுதான். இனி, கேட்பது முறையா என்ற கேள்விக்கு வருவோம்.

கடலில் எறிந்த சரக்கு

நம் பெரியவரின் மனத்தைத் தடுத்தது எது? நன்மை செய்ய வந்தவர்களிடம் கை நீட்டுவதா என்ற கூச்சம். இக்கூச்சம் இழிவானதன்று, நல்ல மனிதர்களுக்கே அது வரும். எனினும் அதில் ஒரு தவறான எண்ணம் கலந்திருக்கிறது. நஷ்டஈடு என்றால் ஒன்று பிச்சை, அல்லது தண்டனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிச்சையானால் வாங்குகிறவனுக்கு இழிவு. தண்டனையானால் கொடுக்கிறவனுக்கு இழிவு. இரண்டுமல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. கடல் வணிகம் செய்த நம் முன்னோர் அதை நன்கு அறிவர்.

புயலில் சிக்கிய கப்பல் மூழ்கும் நிலையில் இருக்கிறது. பாரம் குறைந்தால்தான் பிழைக்கும். மாலுமி ஒருவருடைய மூட்டைகளைத் தூக்கிக் கடலில் எறிகிறான். கப்பல் கரை சேர்கிறது. மற்றவர்கள் சரக்கு முழுசாக வந்து சேர்ந்தது. ஒருவர் சரக்கு மட்டும் போயிற்று. 'அவர் நஸீபு அப்படி' என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் தத்தம் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போவது நியாயமா? அன்று என்று பண்டைய ரோட்ஸ் தீவின் கடல் வழக்கமே கூறிற்று. எல்லோருக்காகவும் போன சரக்கின் நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவ்வழக்கத்தை ரோமர்கள் தம் சட்டத்தில் ஏற்றனர். இன்று கப்பல் ஆபீஸ்களில் அதற்கு 'ஜெனரல் ஆவரேஜ்' என்று பெயர்.

பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திலிருந்து ரோட்டர்டாம் நோக்கிச் சென்ற 'எவர் கிவன்' கப்பல் 2021 மார்ச்சு மாதம் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதை மீட்ட செலவுக்குக் கப்பல் உரிமையாளர் இந்த ஜெனரல் ஆவரேஜையே அறிவித்தார். கப்பலில் சரக்கு ஏற்றியிருந்தவர்கள், தங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாதபோதிலும், பங்கு கொடுக்கப் பொறுப்பேற்க வேண்டியவரானார்கள்.

தடுப்பூசியும் இப்படிப்பட்ட ஒரு பயணமே. ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ள முடியாத கைக்குழந்தையும் நோயாளியும்கூட ஓரளவு காப்பாற்றப்படுகிறார்கள். ஹஜ் செய்யச் செல்லும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது எதற்காக? அவர் ஒருவருக்காக மட்டுமா? பல நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒருவர் மூச்சு மற்றவருக்கு நோயாகிவிடக் கூடாது என்பதற்காகவும் அல்லவா? எல்லோரும் பாதுகாப்பாகக் கரை சேர, ஒருவர் தோள் மட்டும் கடலில் போயிற்று. அவர் அதற்கு ஈடு கேட்பது பிச்சையன்று. யாரையும் தண்டிப்பதும் அன்று. தம் பங்குக்கு மேல் சுமந்த பாரத்தை எல்லோர் கணக்கிலும் எழுதச் சொல்வதுதான். அது அவருடைய ஹக்கு.

கை தவறியதற்கு யார் பொறுப்பு?

இங்கே அறிவுள்ள ஒருவர் தடை கூறலாம். "மருந்தினால் தீங்கு வந்தால் சரி. இங்கே மருந்தின்மீது குறையில்லை. ஊசி போட்டவர் கை தவறியிருக்கிறது. எறிந்த சரக்கும் கைதவறி விழுந்த சரக்கும் ஒன்றாகுமா? ஒருவர் கவனக்குறைவுக்கு ஊரார் நிதியிலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்?" என்பார் அவர்.

இத்தடை வெறும் கற்பனையன்று. அமெரிக்கச் சுகாதாரத் துறையே 2020-ல் இக்காரணத்தைக் காட்டித் தோள் காயத்தை அட்டவணையிலிருந்து நீக்க முற்பட்டது. 2021 சனவரியில் அவ்வாறே ஆணையும் வெளியிட்டது. எனினும் அது நடைமுறைக்கு வருமுன்பே, அவ்வாண்டு ஏப்ரலில், அடுத்து வந்த நிர்வாகம் அதை இரத்து செய்தது. ஆக, அந்நாட்டிலேயே இது எளிதில் தீராத கேள்வியாக இருந்தது.

நாம் என்ன சொல்வது? கடல் வணிகர்கள் இக்கேள்வியையும் சந்தித்திருக்கிறார்கள். ஜெனரல் ஆவரேஜை நடத்தும் யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகளில் ஒன்று கூறுவதன் கருத்து இது: ஆபத்து ஒரு தரப்பாரின் தவறால் வந்திருந்தாலும் பங்கு பெறும் உரிமை அதனால் கெடாது, தவறு செய்தவரிடம் தனியே கேட்கவேண்டியது இருந்தால் அதைத் தனியே கேட்டுக்கொள்ளலாம். முதலில் நஷ்டத்தைப் பங்கிடு, பிறகு தவறைப் பேசு என்பதே அதன் சாரம். நஷ்டப்பட்ட வணிகரைக் கரையில் நிறுத்திவைத்துவிட்டு, குற்றம் மாலுமியினுடையதா, காற்றினுடையதா என்று பத்து ஆண்டு வாதாடுவது நியாயமாகாது.

மேலும், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கைகளுக்கு ஊசி போடும் இடத்தில் என்றோ ஒரு கை சற்று உயரத்தில் இறங்கிவிடுவது எதிர்பார்க்கத்தக்கதே. ஊரார் தங்களுக்கு விரைவாகவும் மலிவாகவும் ஊசி வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த விரைவின் பயன் எல்லோருக்கும் சேருகிறது. அதனால் வரும் பிசகு மட்டும் ஒருவர் தோளில் தங்கிவிடுவதா? மருந்துக் குப்பியில் இருந்த குறையா, ஊசி முனையில் இருந்த குறையா என்ற வேறுபாடு கோர்ட்டுக்குத் தெரியலாம். கையைத் தூக்க முடியாதவருக்கு அது தெரிவதில்லை.

ஆயினும் தடை கூறியவரின் சொல்லில் ஓர் உண்மை உண்டு. நிதி பணத்தைக் கொடுத்துவிட்டு வாளாவிருந்தால், ஊசி போட்டவர் தம் பிசகை என்றுமே அறியமாட்டார். நாளை இன்னொரு தோளிலும் அதே உயரத்தில் குத்துவார். கடையில் எடை குறைந்ததற்கு வாடிக்கைக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா? தராசையும் சரிபார்க்க வேண்டும் அல்லவா? தாதியைத் தண்டிக்க வேண்டாம். தண்டனைக்கு அஞ்சுகிறவர் தவறை மறைப்பார். ஆனால் அவருக்குத் தெரிவிக்கவே வேண்டும்.

கேட்டதனால் பிறந்த அறிவு

இவ்விடத்தில் நம் பெரியவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தோள் காயம் என்பது தனியான ஒரு துன்பம் என்று மருத்துவ உலகம் தெளிவாகக் கண்டது எப்படி? அந்த நஷ்டஈட்டு நிதிக்கு வந்த மனுக்களை ஆராய்ந்த மருத்துவர்கள் ஒரேவிதமான முறையீடு திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள். அவற்றில் 13 பேருடைய மனுக்களை எடுத்து ஆராய்ந்து 2010-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வலி ஒரு நாளைக்குள் தொடங்கியிருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேர், ஊசி மிக உயரத்தில் போடப்பட்டதாகத் தாமே சொல்லியிருந்தார்கள். அதன்பின் 2011-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு ஒன்றும், ஊசி குத்துவதனால் தோளின் நீர்ப்பையில் அழற்சி உண்டாகலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இருப்பதாகக் கூறியது. இப்போது ஊசி போடப் பழக்கும் இடங்களில், எலும்பு முனையைத் தொட்டுப் பார்த்து அளந்து, அதற்குக் கீழே போட வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். அந்தப் பதின்மூவரும் 'நன்மைக்காகப் போட்ட ஊசி, நமக்கேன் வம்பு' என்று வாய்மூடி இருந்திருந்தால் இந்த அறிவு எப்போது பிறந்திருக்கும்? அவர்கள் தங்களுக்காகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டதன் பயன் முகம் தெரியாத எத்தனையோ தோள்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பொறுமை பெரிய குணம்தான். எனினும் நம் பொறுமையின் விலையை அடுத்தவர் தோள் கொடுக்கும்படி ஆகுமானால், அங்கே பொறுமையோடு வாயும் திறக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப் பகிரங்கமாகப் பேசினால் மக்கள் பயந்து ஊசியை விட்டுவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சத்துக்கு இடமில்லாமல் இல்லை. எட்டணா உண்மையை எட்டு ரூபாய்ப் பொய்யாக்கிப் பரப்புகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் நம் கடை அனுபவம் என்ன சொல்கிறது? பழுதான சரக்கை முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்குத்தான் வாடிக்கை பெருகுகிறது. 'எங்கள் கடையில் பழுதே கிடையாது' என்று சாதிக்கும் கடை ஒரு பழுதிலேயே பெயரைக் கெடுத்துக்கொள்கிறது. நஷ்டப்பட்டவரை மறைப்பதைவிட அவருக்கு ஈடு செய்வதே ஊசியின்மேல் நம்பிக்கையை வளர்க்கும்.

கேட்பவர் கையில் இருக்கும் தராசு

கேட்பது உரிமை என்றோம். உரிமை என்றவுடன் அளவும் வந்துவிடுகிறது. கொடுப்பவர் தராசு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பவர், தம் தராசையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

48 மணி நேரம் என்ற நிபந்தனையை எண்ணிப் பாருங்கள். வலி நான்காம் நாள் தொடங்கியவர், 'மறுநாளே தொடங்கியது' என்று ஒரு சொல்லை மாற்றினால் வழி எளிதாகிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது? துணி பேலும் அரிசி மூட்டையும் தூக்கி முன்பே தேய்ந்துபோன தோள் நம் தொழிலில் அரிதன்று. 'முன்னெல்லாம் நன்றாகத்தான் இருந்தது' என்று சொல்லிவிடவும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுப்பவர் சர்க்காரை ஏமாற்றியதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அந்த நிதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு குழந்தையின் ஊசியிலிருந்தும் 75 காசு வீதம் சேர்ந்தது. கடலில் எறியாத மூட்டைக்குப் பங்கு கேட்பவர், கரை சேர்ந்த ஒவ்வொருவர் மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுக்கிறார். உண்மையாகவே மூட்டையை இழந்தவர்மீதும் ஐயம் விழும்படி செய்கிறார்.

நான்காம் நாள் வலி கண்டவருக்கு வழியே இல்லை என்பதும் இல்லை. அட்டவணைக்கு வெளியே நின்று, ஆதாரம் காட்டித் தம் வழக்கை மெய்ப்பிக்கலாம். அது கடினமான வழி, அவ்வளவே. கடினமான உண்மைக்கும் எளிதான பொய்க்கும் இடையே நிற்கும்போதுதான் ஒருவர் தராசு எப்படிப்பட்டது என்று தெரியும்.

இந்தச் சட்டத்தில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்றையும் சொல்லவேண்டும். வக்கீல் கூலியை நிதியே தனியாகக் கொடுக்கிறது. நல்லெண்ணத்தோடும் தக்க காரணத்தோடும் தொடுத்த மனுவானால், தோற்றாலும் அக்கூலி கிடைக்கக்கூடும். துன்பப்பட்டவருக்குக் கிடைத்த தொகையில் வக்கீல் கை வைக்கக் கூடாது. காயம் ஒருவருக்கு, கனி இன்னொருவருக்கு என்று ஆகாதபடி தடுத்திருக்கிறார்கள்.

இடைவெளியில் விழுகிறவர்கள்

ஆனால் இந்த ஏற்பாடு குறையற்றது என்று நாம் புகழவில்லை. வேதனைக்கு 250,000 டாலர் என்ற உச்சவரம்பு 1986-ல் எழுதியது; அன்றைய விலைவாசி இன்று இல்லை என்பதை வியாபாரிக்குச் சொல்லவேண்டுமா? இப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாமல் மூன்று ஆண்டைக் கடத்திவிடுகிறவர்களும் உண்டு. கொவிட் தடுப்பூசிக்கு அமெரிக்கர் வைத்தது வேறு ஏற்பாடு. அதில் ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 சதவிகித ஊனம் என்று மதிப்பிடப்பட்டால்தான் 120,000 பவுன் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. தோள் ஒன்று இறுகிப்போனது அந்த அளவை எட்டுவது கடினம்.

நம் பக்கத்தில், கொவிட் தடுப்பூசிக்காக 2021-ல் சிங்கப்பூரும் மலேசியாவும் உதவித் திட்டங்களை அமைத்தன. மரணமோ நிரந்தரமான கடும் ஊனமோ நேர்ந்தால் சிங்கப்பூரில் 225,000 வெள்ளி வரையும், மலேசியாவில் 500,000 ரிங்கிட்டும் என்று அறிவித்தார்கள். கடுந்துன்பத்துக்கு வழிசெய்தது நல்லதே. எனினும் மேல்தட்டுத் துணியை எடுக்க முடியாத ஒன்பது மாதம் இவ்வகைத் திட்டங்களின் கண்ணுக்கு எளிதில் படாது. கவனக்குறைவு என்று வழக்காடுவது என்றால், தவறு இன்னாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்த 'நல்ல பிள்ளை'யைக் கூண்டில் ஏற்ற வேண்டும். நம் பெரியவர் அதற்கு ஒப்பவே மாட்டார். ஆகவே நல்ல மனமே அவருக்குக் கதவை அடைத்துவிடுகிறது. யாரையும் குற்றவாளியாக்காமல் கேட்க ஒரு வழி வைத்திருப்பது இவரைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இப்போது விளங்குகிறது.

காயத்தின் அளவு வேறு, அது பறிக்கும் வாழ்வின் அளவு வேறு. கணக்கெழுதுகிறவருக்குத் தோள்வலி ஒரு தொல்லை. தையற்காரருக்கும் சுமைதூக்குகிறவருக்கும் அதுவே கடையடைப்பு. சதவிகிதத்தால் மட்டும் அளக்கும் சட்டம் இதைக் காண்பதில்லை.

எழுதாத கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியுமா?

கடைசியாக ஒன்று. "மன்னித்துவிடுவது அதனினும் மேலல்லவா?" என்று கேட்கலாம். மேல்தான். ஆனால் மன்னிப்புக்கும் ஒரு முறை உண்டு. வராத கடனைத் தள்ளுபடி செய்ய நினைக்கும் வியாபாரி என்ன செய்கிறார்? முதலில் அதைப் பேரேட்டில் பற்று எழுதுகிறார்; இன்னாருக்கு, இன்ன தேதியில், இவ்வளவு என்று. பிறகுதான் தள்ளுபடி. எழுதாத கணக்கை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. அது கணக்கிலிருந்து காணாமற் போகிறது, அவ்வளவுதான்.

நம் பெரியவர் செய்தது மன்னிப்பு என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் நேர்ந்த நஷ்டம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஊசி போட்ட பிள்ளைக்கும் தெரியாது; அந்த இடத்துக்கும் தெரியாது. தெரியாத தவறை யார் மன்னித்தது, யார் மன்னிக்கப்பட்டது? முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபின் 'எனக்கு ஈடு வேண்டாம்' என்றிருந்தால் அது பெருந்தன்மை. அதுவும் தம் பங்கைப் பொறுத்தவரைதான். அவர் உழைப்பை நம்பி வீட்டில் நாலு வயிறு இருந்தால், அவர்கள் பங்கையும் சேர்த்துத் தள்ளுபடி செய்ய அவருக்கு உரிமை உண்டா என்பதையும் யோசிக்க வேண்டும். ஊசி போட்டவரை மன்னிப்பதும், நிதி இருக்கும் நாட்டில் அதனிடம் ஈடு கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம்.

ஆகவே அன்பர்களே, ஊசி போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். போட்டுக்கொள்ளும்போது சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு இடம் காட்டாமல், கையை மேலிருந்து முழுதும் திறந்து, உட்கார்ந்து காட்டுங்கள். எந்தக் கை, எந்தத் தேதி, எந்த ஊசி என்று சிட்டையில் குறித்துவையுங்கள். வலி சில நாளில் தணியாமல் கை தூக்கக் கஷ்டமாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்ட இடத்திலும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

இதை எழுதி முடிக்குமுன் அந்தக் கடைக்கு மறுபடியும் போயிருந்தோம். இளைஞர் பெரியவரை விடாமல் வற்புறுத்தி, ஊசி போட்ட இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். பெரியவர் பணம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர்கள் அவரை உட்காரவைத்துக் கேட்டு, தேதியும் கையும் குறித்துக்கொண்டார்களாம்.

"என்ன நானா, மனம் லேசாயிற்றா?" என்று கேட்டோம்.

"மனம் லேசாயிற்று. தோள் இன்னும் கொஞ்சம் பாரம்தான்" என்றார் அவர். மேல்தட்டிலிருந்த துணியை அப்போதும் கடைப் பையன்தான் எடுத்துக் கொடுத்தான்.